உள்ளி தின்ற மாட்டின் பால்

ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை 6.40, தூறல். கொழும்பு வெள்ளவத்தையில் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் இருவர். ஒருவர் மடியில் பால் கேன்.

“மச்சான், என்ர மாடு உள்ளி தின்னுது” என்றார் கேன்காரர்.

“நீயே குடுத்தனி?”

“பால் கூடுமெண்டு மாட்டு டொக்டர் தந்த மூலிகைத் தூள். புண்ணாக்கோட கலந்து வைக்கிறனான். நேற்றுத்தான் தூள் பையில எழுதியிருந்ததை வாசிச்சன். வெந்தயத்தோட உள்ளிப்பூண்டும் இருக்கு. உள்ளி பட்ட சாமானை ஐயர் கோயிலுக்குள்ள எடுக்கமாட்டார். இதை அபிஷேகத்துக்குக் குடுக்கலாமோ?”

“பால் மணக்குதோ?”

“இல்லை.”

“அப்ப பேசாமல் குடு.”

“மூண்டு வெள்ளிக்கிழமை இந்தப் பாலைக் குடுத்திட்டன், அதுதான் பயம். இண்டைக்குக் கடையில பக்கெட் பால் வாங்கட்டோ?”

“பக்கெட் மாடு என்ன திண்டதெண்டு உனக்குத் தெரியுமோ?”

கேன்காரர் மூடியைத் திறந்து பாலை முகர்ந்து பார்த்தார். கொட்டாஞ்சேனையில் எழுந்தார். “ஐயரிட்டச் சொல்லிப்போட்டுத்தான் குடுப்பன். வேண்டாமெண்டால் திருப்பிக் கொண்டு போறன்.”

நானும் இறங்கினேன்; இருவரும் போனது ஒரே கோயிலுக்கு. என் பையிலும் அதே அபிஷேகத்துக்கு ஒரு லீற்றர் பக்கெட் பால் இருந்தது. அந்த மாடு என்ன தின்றதென்று ஐயரிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பாலைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கோயில் வாசலில் இரண்டு செவ்விளநீர் வாங்கி அபிஷேகத்துக்குக் கொடுத்தேன். ரூபாய் 400.