மாடியறைச் சூடு

— அப்ப தரை கெட்டுப்போகலைங்கறியா, இட்ரிஸ்? காலை வச்சுப் பாரு, மீன் கடைப் பலகை மாதிரி சில்லுனு இருக்கு!

— கெடலை, கிளெனிஸ் அத்தை. தரையைச் சூடாக்க, போன வருஷக் கடைசியில நான் கான்கிரீட்டுக்குள்ள பதிச்ச குழாயில தண்ணி ஓடிட்டுத்தான் இருக்கு. பம்ப் சத்தம் கேக்குதுல்ல? ஆனா சுடுதண்ணிக்குப் பதிலா ஓடுறது பச்சைத்தண்ணி. அதான் எனக்கும் புரியலை.

— பதினொரு மணிக்கு வீடு வாங்குறவங்க வர்றாங்கப்பா. விளம்பரத்துல முதல் வரியே 'காலுக்கடியில் கதகதப்பு'ன்னு போட்டிருக்கு.

— வராம இருந்தா நல்லது.

— எம்லின், நீ நாற்காலியில உக்காந்து டீயைக் குடி. பாத்தியா இட்ரிஸ், பக்கவாதம் வந்து உன் மாமாவுக்கு இடது கால் விழுந்துடுச்சு. மாடி ஏற முடியாது. குளியலறை மேலே. முன்னறையில கட்டிலைப் போட்டு, தரைக்குச் சூடு வச்சு, ஈரத்துணியால உடம்பைத் துடைச்சுவிட்டு எத்தனை நாள் ஓட்டறது? மாடியில்லாத வீடாப் பாத்துப் போகலாம்னா முகத்தைத் தூக்கி வச்சுக்கறாரு.

— நாப்பத்தோரு வருஷம் இருந்த வீடு. நான் எங்கயும் வரலை.

— படி ஏறிக் காட்டு, வீட்டை விக்கலை. இதைத்தான் ஜனவரியிலேயே சொன்னேன்.

— சண்டை போடாதீங்க. நான் மேல போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்.

— மெதுவா ஏறுப்பா, ஆறாவது படி ஆடும்.

— ஏழாவது.

— ஆமா, உனக்குத்தான் தெரியும்!

— ...

— அத்தை, பிடிச்சுட்டேன்! பின்னறையில சூட்டுக் குமிழை யாரோ திருகி வச்சிருக்காங்க. மாடி அறைகளைச் சூடாக்குற ரேடியேட்டர் மொத்தமும் அணைஞ்சு கிடக்கு.

— மாடி அணைஞ்சா மாடிதானே குளிரணும்? கீழே தரைக்கு என்ன வந்துச்சு?

— நல்லாக் கேட்டீங்க. தண்ணியைச் சூடாக்கி அனுப்புற பாய்லரை வறுத்த மீன் கடை அடுப்புன்னு வச்சுக்குங்க. முன்னாடி ரெண்டு வரிசை. மாடி ஒரு வரிசை, தரை ஒரு வரிசை. அடுப்பைப் பத்தவைன்னு அடிக்கிற மணி மாடி வரிசை கையில மட்டும்தான் இருக்கு. மாடி மணியடிச்சா அடுப்பு எரியும், தரையும் தன் பங்கை வாங்கிக்கும். மாடி சும்மா இருந்தா, தரை தட்டை ஏந்திக்கிட்டு நாளெல்லாம் நிக்கவேண்டியதுதான். தரையிலிருந்தும் பாய்லருக்கு ஒரு ஒயர் இழுத்திருக்கணும். மறந்துட்டேன். என் தப்பு.

— குளிர்காலம் பூரா நல்லா இருந்துச்சேப்பா?

— மாடி எரிஞ்சுக்கிட்டே இருந்ததால என் தப்பு மறைஞ்சு நின்னுடுச்சு.

— கிறிஸ்துமஸுக்கு எங்க மக வந்தப்ப போட்டது, அப்படியே விட்டுட்டேன். நான் இவர் பக்கத்துல சோபாவுலதான் படுக்கறேன். குளியலறை எப்பவுமே ஐஸ்பெட்டி, அதனால ஒரு வித்தியாசமும் தெரியலை. அந்தப் பின்னறைக் கதவைத் தொட்டே ஒரு மாசமாச்சு. பின்ன யாரு அணைச்சது?

— தரை எப்ப குளிர ஆரம்பிச்சுது?

— புதன் காலையில.

— கான்கிரீட் சட்டுனு ஆறாது, அத்தை. சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். அப்ப செவ்வாய் மத்தியானம் போல அணைச்சிருக்கணும்.

— செவ்வாய் மத்தியானம் எனக்குத் தேவாலயத்துல பாட்டுப் பயிற்சி. தானா அணைஞ்சிருக்குமோ?

— திருகுற குமிழ், அத்தை. கை வேணும்.

— வீட்டுல இருந்தது இந்த மனுஷன் மட்டும்தானே... எம்லின்? ஏன் கோப்பைக்குள்ளயே பாத்துட்டிருக்க?

— டீ ஆறிப்போச்சு.

— எம்லின்!

— யாருமில்லாத அறைக்கு எதுக்கு வெட்டியாச் சூடு? கண்ணால பாத்துட்டு எப்படி விட்டுட்டு வர்றது? அணைச்சேன். அது கீழ வந்து என் காலையே கடிக்கும்னு யாரு கண்டா?

— நீ... மேல போனியா? எங்கிட்ட ஏன் சொல்லலை?

— ஏறிடறேன். இறங்கறப்பதான் உக்காந்து உக்காந்து நகர்ந்து வர்றேன். நின்னுக்கிட்டு இறங்கினதும் சொல்லலாம்னு இருந்தேன்.

— கைத்தடியோட, அந்தக் காலோட, பதினாறு படியும்?

— பதினேழு. நீ பாடப் போற ஒவ்வொரு செவ்வாயும் எண்ணித்தான் ஏறறேன்.