அடக்கம் என்று எழுதிய உறை

இந்தக் காபிக்கு நான் காசு கொடுத்துவிட வேண்டும், ஷெரிஃப். என் கைப்பையில் ‘வெளியே சாப்பாடு’ என்று ஓர் உறை இருக்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற உறைகளைத் தொட வேண்டாம்.

என் பெயர் வெர்லா. எங்கள் தேவாலய சபையில் புதன்கிழமை சாயங்காலம் வரவு செலவு வகுப்பு நடத்துகிறேன். சம்பளம் வந்ததும் முதலில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு சபைக்கு. அதுவும் வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையில். மீதியை உறை உறையாகப் பிரித்துப் பெயர் எழுதிவிட வேண்டும். மளிகை, பெட்ரோல், மருந்து. ஓர் உறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. ஒக்லஹோமாவின் இந்த மூலையில் பாதிப் பேர் தங்கள் கிரெடிட் கார்டுகளை என் கத்தரிக்கோலால்தான் வெட்டினார்கள்.

போன வசந்தத்தில் என் கணவர் டெல்பர்ட்டின் இதயத்தைப் பார்த்துவிட்டு டாக்டர்கள் கைவிரித்தார்கள். நான் அழுதேன். பிறகு ‘அடக்கம்’ என்று ஓர் உறை போட்டேன். அழுதுகொண்டே எழுதியதில் மை கொஞ்சம் பரவிவிட்டது.

சபையே ஜெபித்தது. நானும்தான். டெல்பர்ட் பிழைத்துக்கொண்டார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது கேட்டார். “வெர்லா, அந்த உறைய என்ன பண்றதா உத்தேசம்?”

“அது அடக்கத்துக்குங்க.”

“யாரு அடக்கம்? நான்தான் மூணு முட்டைய முழுங்கிட்டுக் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே. ஏரிக்கு ஒரு படகு வாங்கிக்கிறேன்மா.”

“படகுக்குன்னு நாம உறை போடலையே.”

“அப்போ அதுலயே பேர அடிச்சிட்டுப் படகுன்னு எழுதிடு. பேனா இருக்கா, இல்ல அதுக்கும் நான் செத்துக் காட்டணுமா?”

சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல மனிதர். சாயங்காலம் பார்த்தால், உறையில் ‘அடக்கம்’ அடிக்கப்பட்டிருந்தது. மேலே ‘படகு’. பக்கத்தில் ஒரு மீன் படம் வேறு.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு சபை முன்னால் நின்று, ஒதுக்கியதை ஒதுக்கியதற்கே செலவழித்தேன் என்று நான் சாட்சி சொல்ல வேண்டும். வகுப்பு நடத்துகிறவள் வீட்டிலேயே உறையின் பெயர் மாறினால் யார் என்னை நம்புவார்கள்? நிதானமாக யோசித்தேன். அடக்கத்துக்குப் பணம் இருந்தது. அடக்கம்தான் இல்லை.

மாதக் கடைசியில் அவருடைய இதய மாத்திரை தீர்ந்தது. மருந்து உறை காலி.

“அந்தப் படகு உறையிலேர்ந்து கொஞ்சம் எடேன், வெர்லா. நெஞ்சு படபடங்குது.”

“ஒண்ணாந்தேதி வரட்டுங்க. வகுப்புல இந்த விதிக்கு நீங்கதானே மொதல்ல கைதட்டினீங்க?”

“கைதட்டினேன், டீச்சரம்மா. அன்னிக்கு மாத்திரை இருந்துச்சே.”

ஒன்றாந்தேதி வந்தது. அவர் இல்லை.

அடக்கம் அழகாக நடந்தது. ஓக் மரப் பெட்டி, வெள்ளை லில்லி, வந்தவர்களுக்கு ஹாமும் உருளைக்கிழங்கு சாலடும். கடைசிச் சில்லறைவரை செலவாகி உறை சுத்தமாகக் காலியானது. அந்தத் திருப்தியை வகுப்புக்கு வராதவர்களுக்கு விளக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னபோது சபை எழுந்து நின்றது. பிறகு காப்பீட்டுப் பணம் வந்த அன்றே தசமபாகம் கொடுத்தேன். பாஸ்டர் கண்கலங்கிவிட்டார். சபைக் கூரை இனி ஒழுகாது.

கையில் பணத்தோடு வந்தவள் மாத்திரை வாங்காமல் திரும்பிப் போனாள் என்று மருந்துக்கடைப் பெண் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். மருந்து உறை தானாகக் காலியாகவில்லை. அடக்க வேலை பார்க்கும் ஹாஸ்கின்ஸ், ஓக் பெட்டிக்குத் தள்ளுபடி அந்த மாதத்தோடு சரி என்று சொல்லிவிட்டார். அடக்க உறையில் அதற்கு அறுபது டாலர் போதவில்லை. மருந்துக்கடை கவுன்ட்டர்வரை போனவள், மாத்திரைப் பணத்தை எடுத்து அடக்க உறையில் வைத்தேன்.

ஓர் உறையிலிருந்து இன்னொன்றுக்கு. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, நானே.

எழுதிக்கொள்ளுங்கள், ஷெரிஃப். அதை நான் மறைக்கப் போவதில்லை. முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டாயிற்று. மறுவாரமே அந்த அறுபது டாலரை மருந்து உறையில் திருப்பி வைத்துவிட்டேன். ஆகவே டெல்பர்ட்டுக்கு நான் செய்த தவறு சரியாகிவிட்டது.