கண்ணையனுக்கு வழிமொழிய ஓர் ஆள்

முழத்துக்கு மேல் இரண்டு விரற்கடை சேர்த்தே அளக்கும் துணிக்கடை வள்ளல், அவைத்தலைவர் பக்ருதீன் மரைக்காயர் அவர்களே! எழுந்தால் நாற்காலி போய்விடுமென்று அஞ்சி அமர்ந்திருக்கும் மேடைப் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்து நிற்கும் தாய்மார்களே! பெட்ரோமாக்ஸ் விளக்கை மொய்க்கும் விட்டில்களே, விட்டில்களைத் தொடர்ந்து வந்த இளைஞர்களே! முத்தியால்பேட்டைப் பெருமக்களே! அனைவருக்கும் இந்தக் கிழட்டுத் தாய்மாமனின் வணக்கம்.

யாருக்குத் தாய்மாமன்? இதோ, தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறானே மதுவிலக்கு வீரன் கண்ணையன், இவனுக்கு! பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிய நாள் முதல், ஏழு ஆண்டுகளாக, இந்த ஊரைத் திருத்தப் பார்க்கிறான். எந்த ஊரை? தெருவுக்குத் தெரு சாராயக்கடையும், கடைக்குக் கடை பாட்டும், கடற்கரையில் கைகோத்து நடக்கும் ஜோடிகளும் நிறைந்த புதுச்சேரியை! பெண்கள் சைக்கிள் விடக்கூடாது என்றான். சலூனில் சினிமாப் படம் மாட்டக்கூடாது என்றான். கடலலைகூட முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் கரையேற வேண்டும் என்பான்! சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள். அதையாவது செய்யுங்கள்.

முதல் தேர்தல். சாராயக்கடை முனையில் கூட்டம் போட்டான். கூட்டமா அது? சமுத்திரம்! தட்டிய கைதட்டலில் கருவடிக்குப்பத்துத் தென்னைகளில் ஒரு குரும்பைகூட மிஞ்சவில்லை. "கடைகளை மூடுவோம்!" என்றான். "மூடு! மூடு!" என்று மண்ணும் முழங்கியது, விண்ணும் முழங்கியது. பெட்டியைத் திறந்தார்கள். அவன் ஓட்டு, என் ஓட்டு, அவன் மனைவி தனக்கொடியின் ஓட்டு, இந்த மூன்றில் இரண்டுதான் இருந்தன! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பதில்லை.

இரண்டாம் தேர்தல். கூட்டம் இன்னும் பெரிது. ஓட்டு இன்னும் சிறிது. இரண்டைவிடச் சிறிது எதுவென்று கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள்!

எங்கே போனது அந்தச் சமுத்திரம்? முன்வரிசையில் விம்மி விம்மி அழுத ஒருவரைப் பிடித்துக் கண்ணையன் கேட்டான்: "ஏங்க, எனக்குத்தான ஓட்டு போட்டீங்க?"

"நான் கடலூரு தம்பி. எங்க பக்கந்தான் கடையெல்லாம் மூடிட்டாங்களே, அதான் இங்க வந்து குடிக்கிறோம். கடசி பஸ்ஸு வரைக்கும் எங்க போயி குந்தறது? நீ நல்லா பேசற. பாதில நிறுத்திப்புடாத!"

கேட்டீர்களா? மதராஸ் ராஜ்யமே கண்ணையன் பக்கம்! கோட்டக்குப்பம் அவன் பக்கம்! திண்டிவனம் அவன் பக்கம்! அவனுக்கு ஓட்டுப் போடக்கூடிய ஒரே ஊர்தான் அவன் பக்கம் இல்லை!

ஏனடா உனக்கு இந்தப் பாடு என்று நான் கேட்டதில்லை. இவன் அப்பனை, என் அக்காள் புருஷனை, சாராயக்கடை வாய்க்காலிலிருந்து தூக்கி வந்தவர்கள் நாங்கள் இருவர். நான் காலைப் பிடித்தேன். இவன் தலையைப் பிடித்தான். தலைதான் பாரம், தாய்மார்களே.

நாளை நண்பகலுக்குள் மேரியில், அதாவது நம் நகரசபையில், மனுக் கொடுக்க வேண்டும். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய இந்தப் பேட்டையில் ஓட்டுள்ள இன்னொருவர் வேண்டும். தலைவருக்கோ காரைக்காலில் ஓட்டு. தனக்கொடியோ, "மூணாந்தபாவும் அசிங்கப்பட என்னால ஆவாது மாமா" என்று பிறந்த வீடு போய்விட்டாள். ஆள் கிடைக்காவிட்டால் கண்ணையனின் அரசியல் இன்றோடு முடிந்தது. வழிமொழிவோர் கை தூக்குங்கள்!

அடடா, காடு போலக் கைகள்! ஐயா, தாங்கள் எந்த ஊர்? கோட்டக்குப்பமா? இறக்குங்கள். தாங்கள்? கடலூர். இறக்குங்கள். பின்னால் துண்டை ஆட்டுகிறவரே? விழுப்புரமா? பஸ்ஸைப் பாருங்கள் ஐயா!

ஒன்றுமே மிஞ்சவில்லையா? ஒரு கை, உறவுகளே, ஒரே ஒரு கை?

அதோ! சுண்டல் கூடையோடு நிற்கும் அஞ்சலாட்சி! உனக்கு எந்த ஊரம்மா?

"இதே தெருதான். நான் வெக்கிறேன் கைநாட்டு."

வாழ்க நீ! கடைகளை மூட நீயாவது...

"கடைய மூடுனா என் சுண்டல எவன் துன்னுவான்? ஓட்டெல்லாம் போட மாட்டேன். அவுரு நின்னாத்தான் கூட்டம் சேருது, கூடை காலியாவுது. நிக்கட்டும்."

கண்ணையா, என்னடா சொல்கிறாய்?

எழுந்துவிட்டான். மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு, படியிறங்கி, அவளிடம் போகிறான்.

பெருமக்களே, இம்முறையும் தோற்போம். மழையை எதிர்பார்ப்பதைவிட நிச்சயமாகத் தோல்வியை எதிர்பார்க்கிறேன். ஆனாலும் நிற்கிறோம். பொறுத்துக் கேட்ட ஓட்டுள்ளவர்க்கும் ஓட்டில்லாதவர்க்கும் நன்றி. அடுத்து வேட்பாளர் பேசுவார். அஞ்சலாட்சியின் கூடையில் இன்னும் பாதி இருக்கிறது. வணக்கம்.