பாதி டேங்கில் நிற்கும் இஞ்சின்

இஞ்சின் நின்றுபோனால் எல்லோரும் முதலில் பிளக்கைத்தான் மாற்றுவார்கள். அது மனித சுபாவம், கேப்டன். கையில் எது சுலபமாக அகப்படுகிறதோ அதன் மேல் பழி போடுவது. நான் பல் மருத்துவன். வலி எந்தப் பல்லில் என்றே தெரியாமல் எதையாவது பிடுங்கச் சொல்பவர்களை தினமும் பார்க்கிறேன்.

குளிர்காலம் வந்தால் குவைத்தில் பாதிப்பேர் பாலைவனத்தில் கூடாரம் போடுவார்கள். நாங்களும் போடுவோம். கூடாரம் எங்கள் கூட்டத்தில் ஒருவரான ஹமூதுடையது. வெள்ளிக்கிழமை காலையில் ரிமோட்டில் பறக்கும் சின்ன ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட்டு, தொழுகைக்கு முன் கிளம்பிவிடுவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய இஞ்சின் வானத்தில் நின்றுபோகிறதோ, அவர்தான் அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் காலைச் சாப்பாடு கொண்டுவர வேண்டும்.

துவைனியை நாங்கள் மூத்த மகன் பெயரைச் சேர்த்து பூ ராகான், அதாவது ராகானின் அப்பா, என்று கூப்பிடுவோம். பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்களிடம் வந்து சேர்ந்தார். எங்கள் யாரிடமும் இல்லாத பெரிய ஹெலிகாப்டராக வாங்கிவந்தார். தன் விரல்கள் தடிமன் என்று எண்ணெய் டேங்கை மட்டும் என்னிடம் பொருத்தக் கொடுத்தார். நான் பொருத்திக்கொண்டிருக்கும்போதே கூடாரத்தில் காப்பி குடித்தபடி ஹமூதிடம் சொன்னார்: "இதுல பெரிய வித்தை எல்லாம் ஒண்ணும் இல்லப்பா. புஸ்தகத்தப் படிச்சா யாரு வேணா செய்யலாம்."

நான் கோபப்படவில்லை. யாரும் செய்யலாம் என்றால் அவரும் செய்யட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

டேங்குக்குள் எண்ணெயை உறிஞ்ச ஒரு ரப்பர் குழாய் தொங்கும். அதன் நடுவில் என் மருத்துவ ஊசியால் ஒரு துளை போட்டேன். டேங்க் நிறைந்திருக்கும்வரை துளை எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும். இஞ்சின் அருமையாக ஓடும். எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கினால் துளை வெளியே வந்து காற்றை உறிஞ்சும். இஞ்சின் நின்றுவிடும். அந்த டேங்க் வெள்ளைப் பிளாஸ்டிக். எண்ணெய் மட்டம் வெளியிலிருந்தே தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில்தான் நிற்கிறது என்று கவனித்தால் போதும். கண் இருக்கிற எவனும் ஒரு வெள்ளிக்கிழமையில் கண்டுபிடித்துவிடுவான். இதை ஒரு பரீட்சை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிளக்கை மாற்றினார். எண்ணெயை மாற்றினார். திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார். கடைசியில் இஞ்சினையே மாற்றினார். குழாய் அப்படியே இருந்தது.

"டாக்டர், சூடு அதிகமாகுதோ?" என்பார்.

"இருக்கலாம்" என்பேன். இருக்கலாம் என்பது பொய்யில்லை.

"என்ன பூ ராகான், உங்க ஒட்டகம் இன்னிக்கும் நடுவழியில படுத்துடுச்சா?" என்பார் ஹமூத். "பரவால்ல, அடுத்த வாரம் பலாலீத் கொண்டாங்க. முட்டை கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

"உன் வயித்துக்காகவே இது நிக்குதுடா" என்று துவைனியும் சிரிப்பார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டு பலாலீத் சேமியாவைத்தான் கூடாரமே தின்றது. அந்த இஞ்சின் சரியாக வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் ஆசை இல்லை. என்னை மட்டும் ஸ்டேஷனில் தனியாக உட்காரவைத்து விசாரிக்கிறீர்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நின்றுபோன இஞ்சினோடு ஹெலிகாப்டரை இறக்குவதில் எங்களில் அவர்தான் தேறினார். அதற்குக் காரணம் நான். இறங்கும்போது ரிமோட்டில் பூட்டு சுவிட்சைப் போட வேண்டும். அது போட்டிருக்கும்வரை ரிமோட்டின் வேகக் குச்சி எங்கே இருந்தாலும் இஞ்சினுக்கு வேகம் போகாது; எடுத்துவிட்டால் குச்சி இருக்கும் அளவுக்குப் போய்விடும். தரையைத் தொடும் நேரத்தில் குச்சியை உச்சிக்குத் தள்ளினால் மெத்தென்று உட்காரும். உட்கார்ந்ததும் குச்சியைக் கீழே இழுத்துவிட வேண்டும். துவைனி இழுக்கமாட்டார். உச்சியிலேயே விட்டு, ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, இஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஒவ்வொரு முறையும் நான்தான் அதைச் சத்தமில்லாமல் கீழே இழுத்துவைத்தேன். அதற்காக யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

கடைசி வெள்ளிக்கிழமையும் இஞ்சின் நின்றது. அழகாக இறக்கினார். ஆனால் அன்று முகம் வேறு மாதிரி இருந்தது.

"ரிமோட்டைப் பிடிங்க டாக்டர். கண்டுபிடிச்சிட்டேன். எப்பவும் ஒரே மட்டத்துலதான் நிக்குது. உள்ள குழாய்லதான் ஓட்டை. இப்ப டேங்கை ரொப்பி ஓட்டறேன், பாருங்க. பாதிக்கு வந்ததும் நிக்கும். அப்புறம் எல்லார் முன்னாலயும் பிரிச்சு, குழாய வெளிய எடுத்துக் காட்டறேன்."

"அப்ப எங்க பலாலீத்?" என்றார் ஹமூத்.

"இனிமே டாக்டர் வீட்டுல செய்யச் சொல்லு. டேங்கைப் பொருத்தினது அவருதானே."

எல்லோரும் சிரித்தார்கள்.

விடை சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குளிர்காலத்தையே எடுத்துக்கொண்டவருக்கு என்ன மதிப்பெண் போடுவது? அதோடு, தானாகக் கிழிந்த ரப்பர் வேறு, ஊசி போட்ட ரப்பர் வேறு. அவருக்கே அது தெரிந்துபோகும். நான் பொருத்தியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கூடாரத்தில் எந்த மடையனும் தன் இஞ்சினை என் முன் கொண்டுவந்து வைக்கமாட்டான்.

டேங்கை நிரப்பினார். ஸ்டார்ட்டரின் நீண்ட தண்டை மேலிருந்துதான் நுழைக்க வேண்டும். எனவே ஹெலிகாப்டரின் விசிறிக்கு மேல் நன்றாகக் குனிந்தார். ஒரு கையால் விசிறியைப் பிடித்துக்கொண்டார். குச்சி உச்சியில் இருந்தது. அன்று நான் அதைக் கீழே இழுக்கவில்லை. என்னுடைய வேலையல்ல அது.

"டாக்டர், பூட்டு போட்டிருக்கா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார்.

"போட்டிருக்கு" என்றேன்.

ஸ்டார்ட்டரின் முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. நல்ல சத்தம். நான் பூட்டு சுவிட்சைத் தட்டினேன். இஞ்சின் முழு வேகத்துக்குப் போனது. அந்த வேகத்தில் விசிறியைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. கழுத்தில்தான் பட்டது. ஹமூத் தன் தலைத்துணியை அவிழ்த்து அழுத்திப் பார்த்தார். போதவில்லை.

அந்த டேங்கை நீங்கள்தான் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். அதற்காக உங்களை மதிக்கிறேன், கேப்டன். ஆனால் நான் பொய் சொல்லி அவரைக் கொன்றதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் திருத்துங்கள். அவர் கேட்டபோது பூட்டு போட்டுத்தான் இருந்தது. எடுத்தீர்களா என்று அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.