எதிராளி பூசிய தார்

வெயில் ஏறிய பிறகுதான் பரிசலுக்குத் தார் பூச வேண்டும், ஐயா. ஈரச் சாக்கில் தார் பிடிக்காது. தோல் போர்த்திய காலம் போய், மூங்கில் கூடையின் மேல் உரச்சாக்கைத் தைத்துத் தார் பூசும் காலம் வந்ததிலிருந்து நான் செய்கிற வேலை இது.

எங்கள் துறையில் ஆடிப் பதினெட்டுக்குப் பரிசல் போட்டி உண்டு. அதற்கு முதல் நாள், அவரவர் பரிசலுக்கு எதிராளிதான் தார் பூச வேண்டும். யார்மேலும் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று வைத்த வழக்கம். இந்த எண்பத்தாறாம் வருஷம் சீட்டுப் போட்டதில், என் தங்கை ராமக்காளின் புருஷன் மாதப்பனின் பரிசல் என்னிடம் வந்தது.

ஜெயித்தவன் சொல்தான் அடுத்த ஆடிவரை துறையில் செல்லும். அருவி பார்க்க வருகிறவர்களை யார் ஏற்றுவது என்று அவன்தான் சொல்வான். வருஷா வருஷம் ஜெயிப்பது மாதப்பன். "மச்சான், நீங்க கடைசியா வாங்க, நம்ம வூட்டு ஆளுதானே" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். நாளெல்லாம் வெயிலில் காத்துக் கிடப்பேன். கோபம்கூட இல்லை, வெறும் அலுப்பு.

தையல் ஓரமாக ஒரு முழத்துக்குக் களிமண்ணை அப்பி, மேலே மெல்லிசாகத் தாரைத் தடவினேன். நடு ஆற்றில் மண் கரைந்து தையல் வழியாகத் தண்ணீர் ஏறும். மாதப்பன் நன்றாக நீந்துவான். நனைவான், தோற்பான், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வெறும் பரிசல் சுழலும் என்பதால் பாரத்துக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். சாயங்காலம் ராமக்காள் எனக்குச் சோறு கொண்டுவந்தாள்.

"அண்ணா, நல்லாப் பூசிட்டீங்களா? நாளைக்கு நாந்தான் உக்காரப் போறேன். எனக்கு நீச்சல் வேற தெரியாது."

"பயப்படாம உக்காரு" என்றேன்.

அவள் போனதும் சாப்பிட்டேன். தார் இன்னும் மிச்சமிருந்தது. மண்ணைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசியிருக்கலாம். கை வலித்தது, ஐயா.

நடு ஆற்றில் அவர்கள் பரிசல் சாய்ந்தபோது நான் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தேன். அவளைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இப்படி வாங்க" என்று மாதப்பன் கூப்பிட்டான். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவர்களை நோக்கித் திருப்பினார்கள். நான் நேராகக் கரைக்கே துடுப்புப் போட்டேன். மறுநாள் கீழே பாறை இடுக்கிலிருந்து அவளை எடுத்தார்கள்.

மண் வைத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். தங்கையைக் கொல்ல நினைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். இன்னொன்று, கரையை முதலில் தொட்டது நான். சாவு வீடு என்பதால் யாரும் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். நீங்களாவது எழுதுங்கள்.