உர லிஸ்டில் இல்லாத பெயர்

நோர்வூட் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒட்டுக் கேட்பது தவறுதான். ஆனால் மகளை மடியில் வைத்துக்கொண்டு எங்கே நகர்வது?

ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள். "என் பேர நானே வெட்டிக்கிட்டேன் அக்கா."

"எதுல?"

"உர மானிய லிஸ்டுலதான். லயத்து வீட்டுக்குப் பின்னால கெழங்கு போடுறோம்ல, அத எழுத கவர்மெண்டு ஆபீஸ் மாத்தியா வந்தாரு. யாரு நெலம்னு கேட்டாரு. தோட்டத்துத் தொரையோடதுன்னுட்டேன்."

"ஏன்டி? இத்தன வருஷமா நீதானே கொத்துற?"

"நமக்கு வேல குடுக்கிற தோட்டத்துக் கண்டாக்கு ஐயா பக்கத்துல நின்னாரு."



"போயி மாத்திச் சொல்றதுதானே?"

"போனேனே. நான்தான் கொத்துறேன்னு தோட்டத்துலருந்து கடுதாசி கேட்டாங்க. கண்டாக்கு ஐயாகிட்ட போய் நின்னேன். 'நீயே தொரையோடதுன்னு சொல்லிட்டியே, இனி என்னன்னு எழுதிக் குடுக்கிறது'ங்கிறாரு."

"நக்கலா?"

"இல்லக்கா. நெசமாவே யோசிச்சிக்கிட்டுத்தான் கேட்டாரு."

"அப்ப இந்தத் தடவ உரத்த வெலைக்கு வாங்கித்தான் போடணுமா?"

"எங்க வாங்குறது? வெதைக்கு வச்சிருந்த கெழங்க அவிச்சிட்டேன். ரெண்டு நாளா புள்ளைங்க அதத்தான் திங்குதுங்க."