மருதாசலம் விட்ட குறட்டை

அவைக்கு அழகாய் வீற்றிருக்கும் தலைவர் வெங்கடாசலம் அவர்களே, பல் முகாமுக்கு வந்திருக்கும் டாக்டரம்மா பிரீத்தி அவர்களே, பட்டறைப் பெரியோர்களே, ஊர் ஊராய் ஓடும் லாரி ஓட்டுநர் சாமிகளே, அவர்கள் வரும் வழி பார்த்தே கண் பூத்த தாய்மார்களே! அஞ்சாவது வரை படித்த அங்கம்மாள் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

என் மூத்த மகன் மருதாசலம் லோடு இறக்கிவிட்டு வந்து மத்தியானம் படுத்தால், குறட்டை மூணு ஊட்டுக்குக் கேக்கும். குறட்டை என்றால் குறையில்லாத உறக்கம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். குரல்வளை அடைபடும் ஓலம் என்று அறிந்தேனா?

மருமகள் அத்தாயி அறிந்தாள். "அத்தை, நடுவுல மூச்சே நின்னு போவுதுங்க" என்றாள். "புருசன் மூச்சை எண்ணறதுக்கா உன்னயக் கட்டிவெச்சோம்? போயி உலையப் பாரு" என்றேன்.

நறநறவென்று பல்லையும் கடிப்பான். உறக்கத்தில் பல் கடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்களே! ஒரு பிடி உப்பை அவன் வாயில் போட்டேன். திணறி எழுந்தவன், "ஏம்மா, என்னய உப்புக்கண்டம் போடறயா?" என்றான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள் சாமி, அன்றைக்கு நானும் சிரித்தேன்.

போன வருச முகாமில் இதே டாக்டரம்மா அவன் வாயைப் பார்த்தார். "பல்லெல்லாம் தேஞ்சிருக்கு, வாய் காஞ்சு ஈறு வீங்கியிருக்கு, தொண்டை வழியும் குறுகல். தூக்கத்துல மூச்சு அடைபடற மாதிரி தெரியுது. தாடை அமைப்பா இருக்கலாம், நாக்கு பின்னால சரியலாம், கழுத்துச் சதையா, மூக்கடைப்பா இருக்கலாம். சேலம் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தாரேன், தூங்க வெச்சுப் பரிசோதிப்பாங்க" என்றார்.

இந்த நாக்கு சும்மா இருந்ததா? "செருப்புத் தைக்க வந்தவனுக்குத் தொப்பி அளவு எடுக்கறீங்களே!" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு வந்தோம்.

பத்தொன்பதாம் நாள். பட்டப்பகல். நேரான ரோடு. நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான்; உடம்புதான் வீடு வந்தது. பிரேக் போட்ட தடமே இல்லை. குடித்திருப்பான் என்றார்கள். குடியா? என் மகனா? டீக்குக்கூடப் பாதி டம்ளர்தான் கேட்பானே! தூங்கிப் போனான் என்பதற்குச் சாட்சி எவருமில்லை. என் நெஞ்சைத் தவிர எவருமில்லை.

தாய்மார்களே, மாமியார் சிரித்தாலும் சொல்லுங்கள்! மாமனார் முறைத்தாலும் சொல்லுங்கள்! மூச்சு நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்! ஓட்டுநர் சாமிகளே, மீசை முறுக்கும் முன்னே வாயைத் திறந்து காட்டுங்கள்!

அதோ, வாசல் கேட் ஓரமாய் நிற்பவன் என் இளைய மகன் அன்பழகன். அதே தாடை, அதே குறட்டை, அதே பல்கடி. "முட்டை லோடு காத்திருக்கும்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்கிறான்.

எல்லாப் பையையும் எதுக்குச் சாமி தடவற? லாரிச் சாவி எம்மடியில இருக்குது. டாக்டரம்மா சரின்னு சொன்னாத்தான் தருவேன். கேட்டிருந்த உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம். தலைவரே, அவனுக்கு வழி விடச் சொல்லுங்க... வா சாமி, வா.